பழைய சுட்டுவரிசையை நீக்குமுன்

பள்ளிப் பதிவேடுகளும் நிலப் பதிவேடுகளும் உதவித்தொகைப் பட்டியல்களும் கணிப்பொறிக்குள் சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திரையில் விடை வரத் தாமதமானால் ஆசிரியரும் கள அலுவலரும் தொலைத்தொடர்பையோ இயந்திரத்தையோ நொந்துகொள்வது வழக்கம். பல சமயங்களில் குறை அவ்விரண்டிலும் இல்லை. தரவுத்தளத்தின் சுட்டுவரிசையில், அதாவது இண்டெக்ஸில், இருக்கிறது. அதைவிடக் கவலைக்குரியது அக்குறையைத் திருத்தப் புகுவோரின் அவசரம். பழைய சுட்டுவரிசையை முதலில் நீக்கிவிட்டு, புதியதைப் பிறகு அமைக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது.

சுட்டுவரிசை நூலின் இறுதியில் காணும் பொருட்குறிப்பு அகராதியை ஒத்தது. ஆனால் நூலின் அகராதி ஒருமுறை தொகுக்கப்படுவது. இதுவோ ஒவ்வொரு பதிவு சேரும்போதும் உடன் திருத்தப்பட வேண்டியது. இதற்கெனப் பெரிதும் பயன்படும் 'பி-மரம்' என்னும் அமைப்பை, போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்தனர். அவர்களது கட்டுரை 1972-இல் வெளிவந்தது. மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து 300 கிளைகள் பிரிவதாகக் கொண்டால், மூன்றே படிகளில் 2 கோடியே 70 லட்சம் பதிவுகளுள் ஒன்றை எட்டிவிடலாம். சுட்டுவரிசை இல்லையெனில், வேண்டிய பதிவு கிட்டும் வரை பதிவேட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்ப்பதைத் தவிர இயந்திரத்துக்கு வேறு வழியில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட புலங்களைக் கொண்டு அமைத்த சுட்டுவரிசையில் எப்புலம் முன் நிற்கிறது என்பதே உயிர்நாடி. ஆசிரியர்கள் நன்கறிந்த பதினோரு இலக்க யூடைஸ் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு வட்டாரத்தையும், பின்வரும் மூன்று கிராமத்தையும், கடைசி இரண்டு பள்ளியையும் குறிக்கின்றன. எண் வரிசைப்படி அடுக்கிய பட்டியலில் ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் யாவும் ஒரே இடத்தில் கூடி நிற்கும். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் அறிந்தவருக்கு அவ்வரிசையால் பிரயோசனம் இல்லை. பட்டியல் முழுவதையும் அவர் பார்த்தாக வேண்டும்.

இதிலிருந்தே சங்கடம் பிறக்கிறது. மாணவர் பதிவேட்டில் 'பள்ளி, வகுப்பு' என்னும் முறையில் ஒரு சுட்டுவரிசை இருப்பதாகக் கொள்க. வகுப்புவாரிப் புள்ளிவிவரம் கேட்கும் தலைமைக் காரியாலயத்துக்கு அது உதவாது. உடனே ஒருவர் அதனை நீக்கி 'வகுப்பு, பள்ளி' என மாற்றியமைக்கிறார். மாதம் ஒருமுறை வேண்டப்படும் அறிக்கை விரைவில் கிடைத்துவிடுகிறது. தத்தம் பள்ளியின் பெயர்ப்பட்டியலை நாள்தோறும் திறக்கும் ஆசிரியர் அனைவரும் காத்திருக்கின்றனர். காரணம் அவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதும் இல்லை.

உறவுமுறைத் தரவுத்தளத்தின் கோட்பாட்டை எட்கர் காட் 1970-இல் வெளியிட்டபோதே, சுட்டுவரிசைகள் வந்தும் போயும் இருக்கலாம், அதனால் அவற்றைச் சார்ந்த நிரல்கள் கெடலாகாது என்பதை ஒரு தேவையாக எடுத்துரைத்தார். அவ்வுரிமை இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. ஆயினும் அதன் எல்லை மறக்கப்படுகிறது. சுட்டுவரிசையை மாற்றினால் விடை மாறாது. விடை வரும் நேரம் மாறும். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 'தனித்துவச் சுட்டுவரிசை' தேடலை விரைவுபடுத்துவதோடு ஒரு காவலையும் புரிகிறது. ஒரு மாணவருக்கு ஓர் ஆண்டில் ஓர் உதவித்தொகை என்னும் விதியை அதுவே காத்து நிற்கக்கூடும். அதனை நீக்கிய இடைவெளியில் அதே மாணவர் பெயர் இருமுறை பதிவாகிவிட்டால், புதிய தனித்துவச் சுட்டுவரிசையை அமைக்க இயந்திரம் மறுத்துவிடும். எது மெய்ப்பதிவு என்று ஆராயும் பொறுப்பு இறுதியில் பள்ளியின் தலையிலேயே விழும்.

உண்மையில் 'மாற்றுதல்' என்ற சொல்லே சிறிது மயக்கம் தருவது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில் சுட்டுவரிசையை மாற்றும் கட்டளை உண்டு; அது பெயரையும் இருப்பிடத்தையும் சில அமைப்பு அளவுகளையும் மாற்றுமேயன்றி, எப்புலங்கள், எவ்வரிசையில் என்பதை மாற்றாது. அதற்குப் புதியதொன்றையே அமைக்க வேண்டும். சாதாரண முறையில் அமைத்தால், வேலை முடியும் வரை அந்த அட்டவணையில் எவரும் எழுத இயலாது. சேர்க்கைக் காலத்தில் பகற்பொழுதில் செய்யத்தக்க காரியமன்று அது. எழுதுவோரைத் தடுக்காமல் அமைக்கும் வேறொரு முறை அதே மென்பொருளில் உள்ளது. அட்டவணையை இருமுறை படிப்பதால் நேரம் மிகுதி. நடுவில் தவறினால் செல்லாத சுட்டுவரிசை ஒன்று எஞ்சி நிற்கும். அது எந்தத் தேடலுக்கும் உதவாது. ஆனால் ஒவ்வொரு பதிவின்போதும் வேலையைக் கூட்டும். அதைக் கண்டு அகற்றுவதும் பணியின் ஒரு பகுதியே. இத்தொல்லைகள் இருந்தும், புதியதை அமைத்து, சோதித்து, பின்னரே பழையதை நீக்கும் இம்முறையே ஏற்றது.

சுட்டுவரிசைகளைக் குவித்துக்கொண்டே போவதும் தவறுதான். ஒவ்வொன்றும் எழுத்து வேலையைக் கூட்டுகிறது. ஆனால் மூன்று மாதம் பயன்படாததை வீண் என்று முடிவு செய்பவர், தேர்வுக் கட்டணம் செலுத்தும் மாதத்திலோ பயிர்க் கணக்கெடுப்பின்போதோ மட்டும் தேவைப்படும் ஒன்றை வெட்டிவிடக்கூடும். மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பிலிருந்து சுட்டுவரிசையை நீக்காமலே தேடலினின்று மறைத்துவைக்கும் வசதி உண்டு. மறைத்த பின்னும் அது பதிவுதோறும் திருத்தப்பட்டு வருவதால், முறையீடு எழுந்தால் உடனே மீட்டுவிடலாம். ஆண்டின் எம்மாதத்தில் எத்தேடல் பெருகும் என்பது இயந்திரத்தின் அருகில் அமர்ந்திருப்பவரைவிடக் களத்தில் உள்ளவருக்கே நன்கு தெரியும். ஆகவே தாமதத்தைத் தெரிவிக்கும் கடிதத்தில் 'மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், எப்பக்கத்தில், எதைக் கொண்டு தேடியபோது, எந்நாளிலிருந்து என்று குறித்து அனுப்புவது நலம்.