அகரச்சுவடியும் அரண்மனைக்காரன் தெருவும்

சென்னைப் பாரிமுனைப் பகுதியில் அரண்மனைக்காரன் தெரு என ஒரு தெரு உண்டு. அங்கு அரண்மனையைத் தேடிச் செல்வார் ஏமாறுவர். ஆர்மீனியர் தெரு என்பதே தமிழ்மக்கள் வாயில் பொருள் விளங்கும் சொல்லாகத் திரிந்து அப்பெயர் பெற்றது. அயற்சொல்லைத் தன் ஒலிக்கும் தன் பொருளுக்கும் இசைவித்துக்கொள்ளும் ஆற்றல் எழுத்தறியாத் தமிழனுக்கு இருந்தது. அயற்சொல்லை அப்படியே விழுங்கும் 'ஆற்றல்' படித்த தமிழனுக்கு வாய்த்தது. அது நிற்க.

அந்த ஆர்மீனியர் யாவர்? பாரசீகத்தினின்று கடல்கடந்து வந்து பட்டும் மணியும் விற்ற வணிகர். அவருள் சாகாமிர் சாகாமிரியன் என்பார் 1772-இல் சென்னையில் ஓர் அச்சகம் நிறுவினார். இந்தியாவில் ஆர்மீனிய எழுத்துகளைக் கோத்த முதல் அச்சகம் அது. வணிகர் அமைத்த அச்சகம் முதலில் எதை அச்சிட்டிருக்கும்? விலைப்பட்டியலா? கணக்கேடா? அங்கு அச்சேறிய முதல் நூல் குழந்தைகளுக்கான அகரச்சுவடி! அதே ஆண்டில், அடிமைத் துயில் நீங்கி எழுமாறு இளைஞரைத் தூண்டும் நூலொன்றும் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர், வருங்கால ஆர்மீனிய நாட்டுக்கென ஓர் அரசமைப்புச் சட்ட வரைவே அவ்வச்சகத்தில் உருவாயிற்று. நாடு இல்லை, அரசு இல்லை, படை இல்லை. ஆயினும் சட்டம் எழுதினர். அச்சட்டத்தைப் படிக்க வேண்டிய தலைமுறைக்கு முதலில் எழுத்தைக் கற்பித்தனர். இவ்வரிசை முறையைத் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டும்.

அகரச்சுவடியை ஆர்மீனியர் 'அய்ப்பெனரான்' என்பர். 'அய்ப்', 'பென்' என்பன அம்மொழியின் முதலிரண்டு எழுத்துகள். 'அரான்' என்பது இடத்தைக் குறிக்கும் ஈறு. எழுத்துகள் குடியிருக்கும் இடம் என்பது பொருள். அச்சுவடியைக் கையிலெடுக்கும் தொடக்க மாணவன் முதலில் அறிவது ஒரு பெயர்: மெசுரோப் மசுதோசு. 405-ஆம் ஆண்டையொட்டி அத்துறவி 36 எழுத்துகளை வகுத்தார். அதற்குமுன் ஆர்மீனியக் கோயில்களில் வழிபாடு கிரேக்கத்திலும் சிரியத்திலும் நடந்தது. மக்கள் பொருள் விளங்காது நின்றனர். இடையில் ஒருவர் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வடமொழி வழிபாட்டின்முன் வாய்பொத்தி நின்று பழகிய தமிழனுக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 387-இல் நாடு உரோமர்க்கும் பாரசீகர்க்கும் இரு கூறாயிற்று. 428-இல் எஞ்சிய அரசும் வீழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் எழுத்துப் பிறந்தது. அரசு வீழ்வதற்குள் எழுத்துப் பிறவாதிருப்பின் ஆர்மீனியர் என்னும் பெயர் இன்று ஏடுகளில் மட்டுமே இருந்திருக்கும்.

மசுதோசு வகுத்த முதலெழுத்து அவர் மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல்லின் முதல்; இறுதியெழுத்துக் கிறித்துவின் பெயர் முதல். தம் நூலின் தொடக்கத்தே எழுத்தின் முதலையும் உலகின் முதலையும் இணைத்துச் சொன்ன வள்ளுவர் வழியினர்க்கு இது புதுமையன்று. அந்த 36 எழுத்துகளே எண்களும் ஆயின: ஒன்பது எழுத்துகள் ஒன்று முதல் ஒன்பது வரை, அடுத்த ஒன்பது பத்துகள், அடுத்து நூறுகள், கடைசியில் ஆயிரங்கள். ககரத்தை ஒன்றாகவும் உகரத்தை இரண்டாகவும் எழுதிய தமிழெண் மரபைச் சுவரொட்டியில்கூடக் காணமுடியாத இந்நாளில், ஆர்மீனியர் தம் எழுத்தெண்களை மறந்துவிடவில்லை என்பதும் அறியத்தக்கது. இடைக்காலத்தில் இரண்டெழுத்துகள் சேர்ந்து 38 ஆயின. இக்கால ஆர்மீனிய நாட்டில் ஒரு கூட்டெழுத்தையும் சேர்த்து 39 என எண்ணுவர். 2005-இல் அர்த்தசவான் என்னும் ஊரருகே அந்த 39-ஐயும் தனித்தனிக் கற்சிற்பங்களாக மலைச்சாரலில் நிறுத்தினர்.

எழுத்து வடிவில் மலைப்போர் பலர். ஆங்கிலப் பாவலர் பைரன் 1816-இல் வெனிசை அடுத்த தீவொன்றிலிருந்த ஆர்மீனியத் துறவியரிடம் இம்மொழி கற்கச் சென்றார். மெகிதார் அடிகளின் கூட்டத்தார்க்கு 1717 முதல் உரியதாயிருந்த மடம் அது. பிரான்சில் ஆர்மீனியம் கற்கப் புகுந்த இருபது மாணவருள் பதினைவர் இருபத்தாறாம் எழுத்தோடு தோற்று வீழ்ந்ததாக அவர் நண்பர்க்கு எழுதிய மடலில் நகையாடுகிறார். ஆயினும் தாம் வீழவில்லை. துறவியர் இயற்றிய ஆங்கில-ஆர்மீனிய இலக்கண நூலுக்குத் துணைநின்றார். அது 1817-இல் வெளிவந்தது. 247 எழுத்துகளை ஐந்து அகவையில் கற்கும் தமிழ்க் குழந்தை 38-ஐக் கண்டு அஞ்சுமோ?

தமிழனுக்கு இடர் எழுத்தில் இல்லை, ஒலியில் உண்டு. தமிழில் பகரம் ஒன்றே. இடம் நோக்கி அது வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும். ஆர்மீனியத்தில் அதனிடத்து மூன்று எழுத்துகள்: அதிர்ந்து ஒலிப்பது ஒன்று, அதிராது ஒலிப்பது ஒன்று, மூச்சு மிக்கு ஒலிப்பது ஒன்று. ககரத்துக்கும் தகரத்துக்கும் அவ்வாறே மும்மூன்று. இவற்றைப் பிரித்துணரத் தமிழ்ச் செவிக்குச் சில திங்கள் ஆகும். மற்றொருபுறம், இடையின ரகரமும் வல்லின றகரமும் போல ஆர்மீனியத்திலும் மெல்லியது ஒன்றும் உரத்தது ஒன்றுமாக இரண்டு உள. அவ்விரண்டையும் வேறுபடுத்தத் தமிழனுக்கு எளிதாய் வரவேண்டும். ஆனால் 'கரி'யையும் 'கறி'யையும் ஒரேபடி ஒலிக்கும் இற்றைத் தமிழனுக்கு அதுவும் வருமா என்பது ஐயமே!

இலக்கணத்துள் நுழைந்தால் தமிழன் உவக்கும் இடங்கள் பல. ஆர்மீனியம் தமிழினத்து மொழியன்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துத் தனிக்கிளை. எனினும் பெயர்ச்சொல் தமிழ்போல் ஒட்டடுக்காக வளர்கிறது. 'பற்' என்பது சொல், 'பறெர்' சொற்கள், 'பறெரி' சொற்களின், 'பறெரோவ்' சொற்களால், 'பறெரும்' சொற்களில், 'பறெரித்சு' சொற்களிலிருந்து. முதலில் பெயர், அடுத்துப் பன்மை, அதன்பின் வேற்றுமை. ஆங்கிலத்தில் பெயர்க்கு முன்னே நிற்கும் இடச்சொற்கள் இங்குப் பெரும்பாலும் தமிழ்போல் பின்னே நிற்கும். பால் வேறுபாடு அறவே இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் 'நா' என்னும் ஒரு சொல். வினாக்குறியைச் சொற்றொடர் இறுதியில் இடாமல், எச்சொல்லில் வினா நிற்கிறதோ அச்சொல்லின் உயிரொலி மேலேயே இடுவர். இதனினும் நுட்பமான வினாக்குறி பிற மொழிகளில் காண்பது அரிது.

சொல்லாக்கமே தமிழ்ப் பற்றாளர் நின்று நோக்க வேண்டிய இடம். தொலைபேசியை ஆர்மீனியர் 'எறகோசு' என்பர்: 'எறு' தொலைவு, 'கோசு' பேச்சு. நூலகம் 'கிரதரான்': 'கிர்' எழுத்து, 'தரான்' வைப்பிடம். வானூர்தி தானே பறப்பது என்னும் பொருளது. பல்கலைக்கழகம் 'அமல்சரான்', அஃதாவது கூடியிருந்து கேட்கும் இடம். கல்விக்குப் போலவே கேள்விக்கும் தனியதிகாரம் வகுத்த மரபினர் இச்சொல்லின் அழகை உணர்வர். மூன்று நூறாயிரம் சதுரக் கல் பரப்பில்லை, முப்பதாயிரம் சதுர அயிர மாத்திரி அளவினதே அந்நாடு. மக்கள்தொகை மூன்று மடங்கு பத்து நூறாயிரம். தமிழ்நாட்டின் பெருநகர் ஒன்றுக்கு உள்ள மக்கள் கூட இல்லாத நாடு தன் சொல்லில் தொலைபேசுகிறது.

தூய்மை பேசுவார் மற்றோர் உண்மையையும் மறைத்தல் கூடாது. ஆர்மீனியத்தின் பழைய சொல்வளத்தில் பாரசீகக் கிளைச் சொற்கள் மிகப் பல. அதனாலேயே ஐரோப்பிய அறிஞர் நெடுநாள் அதனைப் பாரசீகத்தின் கிளை எனக் கருதியிருந்தனர். 1875-இல் செருமானியப் பேரறிஞர் ஊபுசுமன் கடன்சொற்களை ஒருபுறம் ஒதுக்கி, அடிச்சொற்களை மட்டும் ஆய்ந்து, அது தனிமொழி என நிறுவினார். தமிழை வடமொழியின் வழித்தோன்றல் என்றவர் வாயடைய, 1816-இல் சென்னையிலிருந்தே எல்லிசும், 1856-இல் கால்டுவெலும் காட்டிய உண்மை இதனோடு ஒப்பது. கடன்சொல் எத்துணை மிகினும் மொழியின் பிறப்பு மாறாது. ஆனால் மிகுந்த கடன் பிறப்பை மறைக்கும். மறைத்த திரையை விலக்க ஆயுள் முழுதும் உழைத்தோர் தேவை. இரச்சியா அச்சரியன் என்னும் பேரறிஞர் ஏறத்தாழ 11,000 வேர்ச்சொற்களின் வரலாற்றை ஆராய்ந்து, 1926 முதல் 1935 வரை ஏழு மடலங்களாக வெளியிட்டார். பல மொழி எழுத்துகளையும் கோக்க அச்செழுத்து இன்மையால் அவர்தம் கையெழுத்தே படியெடுத்து அச்சாயிற்று. 1937-இல் அவர்க்குக் கிடைத்த பரிசு சிறை. பாவாணரின் வறுமையை அறிந்தார்க்கு வேர்ச்சொல் ஆய்வார் பெறும் பரிசு எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே எனத் தோன்றும்.

அங்கும் குறை இல்லாமலில்லை. நன்றி சொல்ல அவர்க்கு நீண்டதொரு தூய சொல் உண்டு. நீளம் என்று தள்ளித் தெருவெங்கும் பிரெஞ்சு 'மெர்சி'யே வழங்குகின்றனர். 'தேங்க்சு' சொல்லும் தமிழனோடு இவ்வகையில் அவர்க்கு உறவு!

இதனினும் பெருங்குறை பிளவு. 1922-இல் சோவியத்து ஆட்சி எழுத்துக்கூட்டு முறையை மாற்றியது. 1940-இல் மீண்டும் சற்றுத் திருத்தியது. புலம்பெயர்ந்தோர் பெரும்பாலும் பழைய முறையையே பற்றிநின்றனர். ஓரினத்துக் குழந்தைகள் ஒரே சொல்லை இருவேறு வகையாக எழுதலாயினர். எழுத்துத் திருத்தம் என்று ஆட்சியாளர் கிளம்பும்போதெல்லாம் தமிழறிஞர் பதறுவது ஏன் என்பார்க்கு இஃது ஒரு விடை. ஆயினும் 1978-இல் சோவியத்து அரசமைப்பு மாற்றத்தின்போது குடியரசுகளின் ஆட்சிமொழி உரிமையைப் பறிக்க முயன்ற வேளையில், சியார்சிய மக்கள் தெருவிலிறங்கிப் போராடியதன் பயனாய் ஆர்மீனியமும் தன் நிலையைக் காத்துக்கொண்டது. 1993-இல் விடுதலை நாட்டின் மொழிச் சட்டம் அதனை உறுதி செய்தது.

நாடுள்ள கிழக்கு ஆர்மீனியம் வாழ்கிறது. நாடிழந்த மேற்கு ஆர்மீனியம்? 1915 ஏப்பிரல் 24-இல் கான்சுதாந்திநோபிளில் எழுத்தாளரும் ஆசிரியரும் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். தொடர்ந்து நிகழ்ந்த இனப்படுகொலையில் மேற்கு ஆர்மீனியம் பேசிய மண்ணே வெறுமையாயிற்று. அவ்வழிவில் மூசு ஊரின் மடத்திலிருந்த 28 அயிரக்கல் எடையுள்ள தோலேட்டுச் சுவடியை இரு பெண்கள் இரண்டாகப் பிரித்துச் சுமந்தனர். இன்று அது எரெவான் சுவடிக் காப்பகத்தில் உள்ளது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வெம்மையை மறவாதோர் அப்பெண்களின் சுமையை அறிவர். ஏடு பிழைத்தது, பேச்சுப் பிழைக்குமா என்பதே வினா. 2010-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பு மேற்கு ஆர்மீனியத்தை அழிவை நோக்கும் மொழிகளின் வரிசையில் வைத்தது. பாட்டி பேசுகிறாள், தாய்க்கு விளங்குகிறது, பேரன் அயல்மொழியில் விடைசொல்கிறான். இந்நிலையில் அகரச்சுவடியை முப்பது நாற்பது அகவையில் முதன்முறை திறக்கும் ஆர்மீனியர் பலர். அவர்க்காக 2009-இல் இணையவழிக் கல்லூரி ஒன்றும் தொடங்கப்பெற்றது.

சென்னைக்கு மீள்வோம் எனில், 1772-இல் அகரச்சுவடி படித்த குழந்தைகளின் வழியினர் இங்கு ஒரு குமுகமாக இன்றில்லை. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அசுதரார்' 1794 அத்தோபரில் இச்சென்னையில்தான் பிறந்தது. தம் மைந்தர் இருவரையும் ஒரே கிழமையில் இழந்த அருத்தியூன் சுமாவோனியன் என்னும் சமயக் குரவர் அதனை நடத்தினார், 1796-இல் நின்றது. அவர் கல்லறை அரண்மனைக்காரன் தெருக் கோயிலில் உள்ளது. சுற்றிலுமுள்ள கற்களில் ஆர்மீனிய எழுத்துகள், படிப்பார் இல்லை. கொல்கத்தாவில் 1821-இல் தோன்றிய ஆர்மீனியக் கல்லூரியோ வெளிநாட்டு ஆர்மீனியக் குழந்தைகளை வரவழைத்து அவ்வெழுத்தைக் கற்பித்து வருகிறது.

ஆர்மீனிய வணிகர் பெத்ரோசு உசுக்கான் 1726-இல் தம் பொருளால் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டினார். அதனைக் குறிக்கும் கல்வெட்டில் ஆர்மீனியமும் இடம்பெற்றது. பழம் பாலத்தினிடத்தில் எழுந்த புதுப்பாலம் தனித்தமிழ்த் தந்தை மறைமலையடிகளின் பெயர் தாங்கி நிற்கிறது. அகரச்சுவடியை முடித்த தமிழ் மாணவன் பெத்ரோசு என்னும் பெயரை எழுத்துக்கூட்ட முயலலாம். அதன் முதலெழுத்தைக் கிழக்கத்தியர் வலித்து ஒலிப்பர். மேற்கத்தியர் அதிர்த்து ஒலிப்பர். தமிழில் எழுதுங்கால் இரண்டும் ஒரே பகரம்.