நமக்குள்ளே: குளிரும் கலாசாலையும்

தலைநகரத்துக் குளிரைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால், அப்பேச்சு எங்கே தொடங்கும் என்பதைச் சொல்லிவிடலாம். எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல இயலாது. புட்டிக்குள் தேங்காய் எண்ணெய் கல்லாய் உறைந்துபோனதில் தொடங்கும். மாவுப் பாத்திரத்தை ரஜாயில் குழந்தையைப் போலச் சுற்றி வைத்தும் இரண்டு நாளாக இட்லி மாவு பொங்காத கதை அடுத்து வரும். அதற்குள் மூத்தவர் ஒருவர் "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று பழைய கணக்கைப் பிரிப்பார். சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே 0.6 டிகிரிக்கு இறங்கியது. அதை நேரில் அநுபவித்துச் சொல்ல இன்று ஆள் கிடைப்பது அரிது. ஆனால் 2019 டிசம்பர் 30 அன்று நடுப்பகலிலும் 9.4 டிகிரிக்கு மேல் ஏறாத நாளையும், 2021 புத்தாண்டு விடியலில் 1.1 டிகிரி கண்டதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

இமயத்தில் பனியைக் கொட்டிவிட்டு மேற்கத்திக் காற்றுக் கலக்கம் நகர்ந்ததும், வானம் தெளிந்து, வடமேற்கிலிருந்து வறண்ட காற்று சமவெளியில் இறங்குகிறது. இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு ஆறிப்போகிறது. மூடுபனி கவிந்தால் பகல் வெயிலும் தரையைத் தொடுவதில்லை. இத்தனைக்கும் நம் வீடுகளோ மே மாதத்து அனலுக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை. ஆகையால் ஜனவரியில் வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பதுதான் கொடுமை. மொட்டை மாடியிலும் பூங்காவிலும் வெயில் விழும் இடமாகப் பார்த்து மனிதர் கூடுகின்றனர், கூடியவர் பேசுகின்றனர். மற்ற மாதங்களில் பேசாத குடும்ப விஷயங்களெல்லாம் இந்த இரண்டு மாதங்களில்தான் வெளிவருகின்றன என்பது நம் அபிப்பிராயம்.

ஆர்.கே. புரத்தில், 1973-இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலையில், மார்கழிப் பூஜை முடிந்து தொன்னையில் சுடச்சுடப் பொங்கலை வாங்கிக்கொண்டு வெயிலைத் தேடி அமர்ந்த ஒரு சிறு கூட்டத்தின் சம்பாஷணைதான் இம்மாதம் நமக்குக் கிடைத்த பொருள்.

"இதுவே என் கடைசிக் குளிர், மாமி. அடுத்த மார்கழிக்கு அந்தச் சுவாமிமலைப் படியில்தான் நிற்பேன்" என்றார் கும்பகோணத்து அம்மாள் ஒருவர். முழங்கால் வலிக்குப் பயந்து இரண்டு காலுறைகள் அணிந்திருந்தார். அவருடைய கணவர் ஏப்ரல் மாத இறுதியில் மத்திய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். அதன்பின் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஊரில் பூர்வீக வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. தண்ணீர்க் குழாயும் மாற்றியாகிவிட்டது. கடைசிப் பெண் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. "அவளுக்கும் அங்கேயே ஒரு காலேஜ் பார்த்துவிட்டால் தீர்ந்தது" என்று முடித்தார்.

அந்தப் பெண் அருகிலேதான் நின்றுகொண்டிருந்தாள். மப்ளர் இல்லை, குல்லாய் இல்லை; மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான். "எனக்குக் குளிரவே இல்லையே, அம்மா!" என்றாள்.

இச்சொல்லைக் குழந்தைப் பேச்சென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சற்றே யோசித்தால், நம் இல்லங்களில் நடக்கும் வழக்கு முழுதும் அதற்குள் இருப்பது புலப்படும். டில்லிக் குளிர் பெற்றோருக்கு வந்த இடத்துக் கஷ்டம். பிள்ளைகளுக்கோ அது பிறந்த ஊரின் பருவம். வறுத்த வேர்க்கடலையும், சிவந்த காரட்டில் கிண்டிய அல்வாவும், புகைமூட்டத்தால் பள்ளிக்குக் கிடைக்கும் விடுமுறையும் சேர்ந்ததே அவர்களுடைய டிசம்பர். சித்திரை வெயிலில் கும்பகோணத்துத் தெருவில் நடக்கச் சொன்னால்தான் அவர்கள் "எப்படித்தான் இருக்கிறீர்களோ!" என்பார்கள்.

"உனக்கு எங்கே படிக்க வேண்டும், அம்மா?" என்று கேட்டார் அங்கிருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. "டில்லி யூனிவர்ஸிடியில், மாமா" என்று தயங்காமல் பதில் வந்தது. தாயாரின் முகம் சிறுத்துப்போயிற்று. அவர்கள் வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அண்ணாச்சி தம் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய மகன் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர ஆசைப்பட்டான். அக்கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. மாநிலத்தவர் யார் என்பதைத் தாய்மொழியைக் கொண்டோ, தாத்தாவின் ஊரைக் கொண்டோ தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேறினார் என்பதைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். "என் பையன் டில்லிக்காரன், திருச்சியிலே வெளிமாநிலத்தான். அவன் பாட்டி காவிரியிலே குளித்து வளர்ந்தவள் என்றால் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளுமா, ஸார்?" என்று சிரித்தார். அங்கே இடம் கிடைக்கவில்லை. டில்லி அரசின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் 85 சதவீதம் டில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களுக்கென்று ஒதுக்கப்படுவதால், அந்த வாசல் வழியாகப் பையன் உள்ளே போனான். இங்கே படித்தது அங்கே பாதகமாயிற்று, இங்கேயோ அனுகூலமாயிற்று.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் வேறொரு சங்கடம் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தவரைப் பூர்வீகம் பற்றிக் கேட்பதில்லை. இடையில் ஓராண்டேனும் வெளியே படித்தவர், 'நேட்டிவிட்டி' எனப்படும் பூர்வீகச் சான்றிதழைக் கொண்டுவந்து தம்மைத் தமிழ்நாட்டவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ என்று ஜூன் மாதத்தில் பரணைக் குடைகிறவர்கள் நம்மில் உண்டு. அதைக் குளிர்காலத்திலேயே செய்துவிடலாம். தூசி தட்டினால் உடம்பும் சூடேறும். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், அவ்வாண்டுக் கையேட்டைப் படிக்காமல் போன ஆண்டு அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை நம்புவது ஆகாது.

மயிலாப்பூர்த் தம்பதியின் நிலைமை விசித்திரமானது. ஐந்து டிகிரிக்கே ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாமி, மகனைக் கானடாவில் வின்னிபெக் நகருக்கு அனுப்பும் யோசனையில் இருக்கிறார். அங்கே ஜனவரி இரவென்றால் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி சர்வ சாதாரணம். "அங்கே வீடெல்லாம் கதகதப்பாக இருக்குமாம்!" என்றார். உண்மைதான், நம் வீடுகளைவிடச் சௌகரியமாகவே இருக்கும். ஆனால் அந்நாடு 2024 முதல் அயல்நாட்டு மாணவர் அநுமதிக்கு வரம்பு கட்டிவிட்டதையும், கல்விக் கட்டணத்துக்கு மேலாக ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டியிருப்பதையும் அவர்கள் இன்னும் விசாரிக்கவில்லை. கும்பகோணம் செல்ல மறுக்கும் மகளைக் கண்டித்த அதே மாமி, தம் மகன் பதினோராயிரம் கிலோமீட்டர் போவதைக் கௌரவமாகக் கருதுவது ஏன் என்று கேட்க நமக்கு நா எழுந்தது. பொங்கல் அவர் கையால் வாங்கியதாகையால் கேட்கவில்லை.

கும்பகோணத்து வீட்டு விஷயத்துக்கு வருவோம். டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்கு 2022 முதல் 'க்யூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோல். அதற்கு முந்தைய ஆண்டு, சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இத்தேர்வைப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். அவற்றுள் தமிழும் ஒன்று. நம் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் ஏழிலும் தமிழ் பயின்று வரும் பிள்ளைகள் தமிழையே ஒரு பாடமாகவும் எழுதலாம் என்பது கவனிக்கத் தக்கது. அன்றியும், திருவாரூரை அடுத்த நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் இதே தேர்வை ஏற்கிறது. அங்கே பூர்வீகச் சான்றிதழ் கேட்பாரில்லை.

இதை அண்ணாச்சி எடுத்துச் சொன்னதும் அம்மாளின் முகத்தில் வெயில் அடித்தது. கும்பகோணத்திலிருந்து திருவாரூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தானே! ஆனால் பெண் பதற்றமின்றிச் சொன்னாள்: "அங்கேயும் விண்ணப்பிக்கிறேன், அம்மா. முதலில் எனக்கு வேண்டிய பாடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஊரைப் பிறகு பார்க்கலாம்." பதினேழு வயதுப் பெண்ணிடமிருந்து இதைவிடச் சீரான யோசனையை எதிர்பார்க்க முடியாது. பெற்றோர் ஊரை முதலில் வைத்தார்கள். அவள் பாடத்தை முதலில் வைத்தாள். இவ்விஷயத்தில் நாம் அவள் கட்சி.

தகப்பனார் அதுவரை பேசவில்லை. பேசியபோது, விஷயத்தின் முடிச்சையே தொட்டார். "டில்லியிலேயே இடம் கிடைத்துவிட்டால் எங்கே தங்குவாள்?" விடுதி உள்ள கல்லூரிகள் சில, அவற்றிலும் இடங்கள் சொற்பம். பெரும்பாலான விடுதிகள் வெளியூர்ப் பிள்ளைகளுக்கே. சேர்க்கை நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இவர்கள் இன்னும் குவார்ட்டர்ஸில் இருப்பார்கள். ஆகவே பெண் உள்ளூர்க்காரி. ஐப்பசியில் சாமான்களை லாரியில் ஏற்றியதும் வெளியூர்க்காரியாகிவிடுவாள். அப்போது விடுதியில் இடம் மிஞ்சியிராது. பிறந்து வளர்ந்த நகரத்திலேயே அந்தப் பெண் வாடகை அறை தேட வேண்டிய நிர்ப்பந்தம்! "இந்தக் குளிரில் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?" என்றார் தாயார். அவர் பேசியது வெந்நீரைப் பற்றி அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் தேதியைப் பிராவிடண்ட் பண்டு கணக்கைப் பார்த்துக் குறிக்கிறோம். பிள்ளையின் வகுப்பைப் பார்த்துக் குறிப்பவர் சிலரே. பெண் பத்தாவது முடித்த அன்றே இவர்கள் மூவரும் உட்கார்ந்து பேசியிருந்தால், விடுதியா, உறவினர் வீடா, ஒரு வருஷம் தங்குவதா என்று ஆற அமர யோசித்திருக்கலாம். இன்று எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்கு அந்த அவகாசம் இன்னும் இருக்கிறது.

அந்த இல்லத்தில் இப்போதைக்கு முடிவாகியிருப்பது இது. பெண் டில்லிக்கும் திருவாரூருக்கும் விண்ணப்பிக்கப் போகிறாள். தேர்வு ஒன்றேயானாலும் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே பதிவு கேட்பதால், இரண்டின் தேதிகளையும் சமையலறைக் காலண்டரில் குறித்திருக்கிறார்கள். டில்லி என்று ஆகிவிட்டால் தகப்பனார் முதலில் ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொள்வார். தாயாரும் மகளும் ஓராண்டு இங்கே தங்குவார்கள். அதற்குள் குடும்ப முகவரி கும்பகோணமாகிவிடும்; இரண்டாம் ஆண்டில் விடுதிக்கு மனுச் செய்யலாம் என்பது பெண் சொன்ன வழி. அம்மாளுக்கு இன்னொரு குளிர் உறுதியாகிவிட்டது. முனீர்க்கா பக்கம், தெற்குப் பார்த்து வெயில் விழும் அறையாக இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. அத்தகைய இடம் எங்கேனும் காலியாவது தெரிந்த அன்பர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி வைக்கலாம்.