பிழையைச் சொல்லும் தமிழ்

கலைச்சொற்களை ஆக்கிவிட்டால் அறிவியல் தானே தமிழுக்கு வந்துசேரும் என்னும் நம்பிக்கை ஈழத்துக் கல்வியுலகில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. அரசகரும மொழித் திணைக்களம் முன்னர் வெளியிட்ட சொற்றொகுதிகள் இந்நம்பிக்கையின் விளைச்சல். அவற்றை இகழ்தல் நன்றிகேடாகும். மீடிறன், ஆடலோட்டம், கொள்ளளவி, இருவாயி, சடத்துவம் என்பன இன்று உயர்தர வகுப்பில் பௌதிகம் கற்கும் மன்னார் மாணவியின் நாவில் தயக்கமின்றிப் புரள்கின்றன. ஆயினும், அவளுடைய மின்சுற்று இயங்க மறுக்கும் கணத்தில் அவளுக்கு வேண்டியது பெயர்ச்சொல்லன்று, வாக்கியம். எதனை எதிர்பார்த்தாள், எது நிகழ்ந்தது, எவற்றைச் சோதித்து முடித்தாள், ஐயம் எவ்விடத்தில் நிற்கின்றது என்பனவற்றை ஒழுங்குபட எடுத்துரைக்கும் வாக்கியம். அதனைத் தமிழ்வழிக் கல்வி அவளுக்குக் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டியதொன்று என எண்ணியதாகவும் தெரியவில்லை.

இலத்திரனியற் சுற்றுக்களை உண்மையில் இணைக்காது கணினியில் இயக்கிப் பார்க்கும் ஒப்புருவாக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. பெருநகரப் பாடசாலைக்கு அது ஒரு வசதி. மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையில் முசலி, நானாட்டான் பக்கங்களிலும் உள்ள பாடசாலைக்கோ அதுவே பெரும்பாலும் ஆய்வுகூடம். நல்லதோர் அலைவுகாட்டியின் விலையைக் கேட்டால் அதிபர் பேச்சை மாற்றுவார். என்ஜிஸ்பைஸ், எல்ரிஸ்பைஸ் முதலிய மென்பொருள்களோ விலையின்றிக் கிடைப்பவை. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர் இவற்றின் தேவை மேலும் பெருகிற்று. கருவியின் வறுமையை இம்மென்பொருள்கள் ஓரளவு தீர்த்தன எனலாம். எனினும் கருவி பிழைக்கும்போது பக்கத்தில் நின்று வழிகாட்ட ஒருவர் இல்லாத வறுமை அப்படியே இருக்கின்றது.

இம்மென்பொருள்கள் தரும் இடர்களை அறியாதோர் அவற்றை அற்பமென்று கருதக்கூடும். ஒரு மாணவன் பத்து இலட்சம் ஓம் தடையொன்றைக் குறிக்க எண்ணி, எண் ஒன்றின் பின் பெரிய எழுத்தில் ‘எம்’ என்று எழுதுகின்றான். அவன் கற்ற பௌதிகத்தின்படி அது மெகா. ஸ்பைஸ் வழிவந்த மென்பொருளோ பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு காண்பதில்லை. அதற்கு அது மில்லி. மெகாவை வேண்டுவோர் ‘மெக்’ என மூன்றெழுத்து எழுதவேண்டும். நூறு கோடி மடங்கு தவறிய தடையோடு சுற்று எவ்வித முறைப்பாடுமின்றி ஓடுகின்றது. விடை மட்டும் பொய். கொள்ளளவியின் பெறுமானத்தை ஒரு பரட்டு என்று எழுத முனைந்து ‘எஃப்’ சேர்த்தால் அது பெம்ரோ எனக் கொள்ளப்பட்டு, பரட்டின் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்காகிவிடும். சுற்றினை எழுத்துப் பட்டியாகத் தருபவர் முதல் வரியிலேயே ஒரு கூறினை எழுதினால், மென்பொருள் அவ்வரியைத் தலைப்பெனக் கொண்டு புறக்கணித்துவிடும். மாணவன் பட்டியை எத்தனை முறை பார்த்தாலும் கூறு அங்கேதான் இருக்கும், சுற்றில் இராது.

வேறு சில இடர்கள் இவற்றினும் ஆழமானவை. புவித்தொடுப்பெனும் பூச்சியக் கணு இல்லையெனில் அழுத்தங்களை எதனோடு ஒப்பிடுவது? இரு கொள்ளளவிகளுக்கிடையே தொங்கும் கணுவுக்கு நேரோட்டப் பாதை இல்லாதபோது சமன்பாடுகளுக்குத் தனித்ததொரு தீர்வு இல்லாது போகின்றது. தாயம் நேர்மாறற்றது என ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் திரையில் தோன்றும். அலையியற்றி ஒன்றினை மேசையில் இணைத்தால், சுற்றில் இயல்பாக உள்ள சிறு இரைச்சலே அதனைத் தொடக்கி வைக்கும். கணினிக்குள் இரைச்சல் இல்லை. ஆகவே அது அசைவற்ற சமநிலையிலேயே கிடக்கும்; தொடக்க நிலைமை ஒன்றைக் கொடுத்துத் தட்டி எழுப்பவேண்டும். இருவாயி, திரான்சிற்றர் முதலியன நேர்கோட்டு விதிக்கு அடங்காதவை. எனவே மென்பொருள் ஊகித்து, திருத்தி, மீண்டும் ஊகித்துத்தான் விடையை நெருங்குகின்றது. அந்நெருக்கம் கைகூடாதபோது, காலப்படி மிகச் சிறிதாகிவிட்டது என்று முறையிட்டு நின்றுவிடும். உண்மைக் குற்றம் காலப்படியில் இருப்பது அரிது. கணப்பொழுதில் மாறும் இலட்சிய ஆளியொன்றையோ, தடையே இல்லாத தூண்டியொன்றையோ மாணவன் வைத்திருப்பான்.

இந்த அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே ஆங்கிலம் அறிந்தால் இடர் தீரும் என்பார் உளர். இவ்வாதம் நேர்மையான சோதனைக்கு நில்லாது. அறிவித்தலின் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் காணலாம். அதன் பொருள் அகராதியில் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவனும் அதே இடத்தில் திகைத்தே நிற்கின்றான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவன் திகைப்பைத் தன் மொழியில் அயலவனிடம் கூறுகின்றான். மன்னார் மாணவனோ திகைப்பையும் மொழிபெயர்த்தே கூறவேண்டியவனாகின்றான். பாதி புரிந்த இடரை, பாதி தெரிந்த மொழியில், “எனது சுற்று வேலை செய்யவில்லை, உதவுக” என்று ஒரே வரியாகச் சுருக்கிவிடுகின்றான். அவ்வரிக்கு எந்த வல்லுநரும் விடை கூறவியலாது. விடை வாராததை அவன் தன் அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்கின்றான்.

உதவ முன்வருவோரிலும் ஒரு சாரார் கண்டிக்கத்தக்கவர். இயங்கும் கோப்பொன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அதனை ஈகையென்று கருதுவோர் அவர்கள். கேட்டவனின் கோப்பில் தவறு எங்கே இருந்தது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை, கேட்டவனைப் பார்க்க விடுவதுமில்லை. பெற்றவன் அதனைப் பெயர் மாற்றி ஒப்படைக்கின்றான், புள்ளியும் பெறுகின்றான். அடுத்த ஆண்டு அதே கோப்பு தம்பியின் கைக்கு வருகின்றது. கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை மனனஞ் செய்விக்கும் தனியார் வகுப்புப் பண்பாட்டின் மறுபிறப்பே இது. இத்தகைய உதவியைக் காட்டிலும் மௌனம் மேலானது; மௌனமாவது கற்பித்ததாகப் பாவனை செய்வதில்லை.

இம்மென்பொருள்களின் பிறப்பை நோக்குவோர் இதற்கு முற்றிலும் மாறானதொரு வரலாற்றைக் காண்பர். 1969-70 இல் பேர்க்கிளியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் றோறர் தம் வகுப்பு மாணவரைச் சுற்று ஒப்புருவாக்கி ஒன்றைத் தாமே எழுதுமாறு பணித்தார். ஆக்கத்தைப் பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் ஏற்றுக்கொண்டால் மாணவர் சித்தியடைவர் என்பது நிபந்தனை. அம்மாணவருள் ஒருவரான லோறன்ஸ் நாகல் அம்முயற்சியை வளர்த்தெடுத்தார். ‘கான்சர்’ என வேடிக்கையாகப் பெயரிடப்பட்ட அவ்வாக்கத்தின் முழுப்பெயரில், கதிர்வீச்சு நீங்கலாக என்றொரு தொடர் உண்டு. அணுவாயுதக் கதிர்வீச்சைத் தாங்கும் சுற்றுக்களைக் கணிக்கும் படைத்துறைப் பணியோடு தமக்குத் தொடர்பில்லை என்ற அறிவிப்பு அது. 1973 இல் ஸ்பைஸ் என்ற பெயரோடு கனடாவின் வாற்றலூவில் அறிமுகமான அதன் வழித்தோன்றலை, யாவரும் பெறத்தக்க பொதுச் சொத்தாக விடவேண்டுமென்பதில் பெடர்சன் உறுதியாக நின்றார். பெற்றவர்கள் தம் இடர்களை எழுதியனுப்பினர், திருத்தினர், திருத்தத்தைத் திருப்பித் தந்தனர். 1975 இல் இரண்டாம் பதிப்பும் 1989 இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. மாணவர் மாணவரோடு பேசிப் பேசி வளர்த்த கருவியை, வாய்திறவாத மாணவரின் கையில் கொடுத்துவிட்டு, அதனை நவீன கல்வி என்கின்றது இந்நாடு.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆங்கிலத்தில்தானே கற்பிக்கப்படுகின்றது, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் அதுவே நிலை, பின் தமிழில் பழகி என்ன பயன் என்பது எதிர்ப்பாளரின் வலிய வாதம். ஆங்கிலம் வேண்டாமென்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆனால் பிழையைத் துருவும் ஒழுக்கம் ஒரு மொழியில் ஊன்றியபின் மறுமொழிக்கு எளிதிற் பெயரும்; எம்மொழியிலும் ஊன்றாதவனிடத்துப் பெயர்வதற்கு ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனை விழாத்தோறும் புகழ்வோர் அவரது கலைச்சொற்களையே பட்டியலிடுகின்றனர். நோயாளி தன் நோவைச் சொன்ன மொழியும் வைத்தியன் அதனை ஆராய்ந்த மொழியும் அங்கு ஒன்றாயின என்பதே அவர் பணியின் உயிர்நிலை. அதனை எந்த விழா மேடையிலும் எவரும் சொல்வதில்லை.

மன்னாருக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. அரிப்பு, சிலாவத்துறைக் கடல்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாளி தனியே இறங்கியதில்லை. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். அவன் சிப்பி அள்ளவில்லை. கயிற்றின் அசைவைப் படித்தான். இன்றும் பேசாலையிலோ வங்காலையிலோ படகின் வெளியிணை இயந்திரம் இழுக்க மறுத்தால் கரையில் நடக்கும் உரையாடலைக் கேட்கவேண்டும். தொடக்கத்தில் ஓடியதா, சூடேறியபின் நின்றதா, எண்ணெய் மாற்றியது எப்போது, புகை என்ன நிறம் என்று ஒருவர் வினவ, மற்றவர் ஒன்றும் மறையாது விடை கூறுகின்றார். தவறு செய்தவன் வெட்கப்படுவதில்லை. மறுநாள் கடலுக்குப் போகவேண்டுமே! அத்தமிழ் பண்டிதத் தமிழன்று. எனினும் பிழையை அறிவதற்கு ஏற்ற ஒழுங்கு அதில் முழுமையாக உண்டு. அந்த மீனவரின் மகன் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவ்வொழுங்கை வாயிலில் விட்டுவரப் பழக்கப்படுகின்றான்.

இதனைப் பாடசாலைக்குள் அடங்கும் சிறு குறையென்று தள்ளிவிடவியலாது. தீவின் தென்கரை நெடுக 2020 இறுதியில் இயங்கத் தொடங்கிய தம்பபவனிக் காற்றாலையில் 30 சுழலிகள் உள்ளன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. சோழகக் காற்றில் அவை பிறப்பிக்கும் மின் நேரே வலையமைப்புக்குள் செல்வதில்லை. முதலில் நேரோட்டமாகச் சீராக்கப்பட்டு, பின்னர் இலத்திரனியல் ஆளிகளால் மீண்டும் ஆடலோட்டமாக்கப்பட்டே 220 கிலோவோற்றுப் பாதையைச் சேர்கின்றது. வகுப்பறையில் இயங்க மறுக்கும் அந்தச் சிறு சுற்றின் பேருருவமே மாணவனின் தலைக்கு மேல் சுழல்கின்றது எனலாம்.

2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின் தடைப்பட்டபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையே காரணம் என அமைச்சர் கூறினார். நாடு சிரித்தது. கூரைச் சூரியகலங்களின் மின் மிகுந்து வலையமைப்பின் சடத்துவம் குறைந்திருந்தமையால் ஓரிடத்துக் கோளாறு முழு நாட்டையும் வீழ்த்தியது என்ற மின்சார சபையின் விளக்கம் அச்சிரிப்பில் அமிழ்ந்துபோயிற்று. அவ்விளக்கம் சரியா, முழுமையா என்று வினவக்கூடியவர் தமிழில் எத்தனை பேர் எழுதினர்?

அதே 2025 இல், ஓகஸ்டு மாதத்தில், புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினர்; அரசாங்கம் வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நீர் வடிந்தோடும் வழி, வலசைப் பறவை, மீன்பாடு என்பன பற்றி மக்கள் எழுப்பிய அச்சங்களுக்குக் கற்கை அறிக்கைகள் விடையாகக் காட்டப்படுகின்றன. இத்தகைய கற்கைகள் இக்காலத்தில் பெரும்பாலும் ஒப்புருவாக்கத்தின் துணையோடு செய்யப்படுபவை. ஒப்புருவாக்கம் எப்போதும் ஏதோவொரு விடையைத் தந்தே தீரும். மெகாவை மில்லியாகக் கொண்ட சுற்றும் விடை தந்ததல்லவா? தொடக்க நிலைமை எது, எவை விடுபட்டன, எந்தப் பெறுமானம் எங்கிருந்து பெறப்பட்டது என்று கேட்கப் பழகாத சமூகத்துக்கு இரண்டு வழிகளே எஞ்சுகின்றன: அறிக்கையை முழுதாக நம்புவது, அல்லது முழுதாக மறுப்பது. திட்டக்காரருக்கு இவ்விரண்டுமே வசதியானவை. நம்புவோரிடம் கையொப்பம் பெறலாம், மறுப்போரை அறியாதோர் என்று ஒதுக்கலாம். “உங்கள் கணிப்பில் இக்கணுவுக்குப் புவித்தொடுப்பு எங்கே?” என்று வினவும் ஒருவனே அவர்களுக்கு இடைஞ்சலானவன்.

தமிழ்ச் சங்கங்கள் கவியரங்குக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் காலத்தில் ஒரு மாலையை இதற்குத் தருதல் பெரிய தியாகமாகாது. பொறியியற் பீடத்தில் பயிலும் மன்னார் மாணவர் விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். அவர்கள் இயங்கும் கோப்புகளைக் கொண்டுவர வேண்டாம். தாம் முதலாண்டில் தவறவிட்ட சுற்றுக்களை, தவறு திருத்தப்படாத நிலையில், கொண்டுவரட்டும். வகுப்பில் ஒரு கொப்பி இருக்கட்டும். அதில் ஒவ்வொரு மாணவரும் தம் சுற்றின் முழுப்பட்டியையும், திரையில் வந்த அறிவித்தலை உள்ளபடியும், எதிர்பார்த்ததையும், கிடைத்ததையும், செய்துபார்த்த மாற்றங்களை ஒவ்வொன்றாகவும் தமிழில் எழுதவேண்டும். விடை கூறுபவர் முதலில் ஒரு கேள்வியை எழுதவேண்டுமேயன்றித் திருத்திய பட்டியை எழுதலாகாது. குற்றம் கண்டுபிடிக்கப்பட்டபின் அது என்னவென்று கேட்டவரே தம் கையால் பதியவேண்டும். பரீட்சைத் திணைக்களம் இதற்குப் புள்ளி வழங்காது. ஆதலால் பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் இதனை நேர விரயமென்று முறையிடுவர். அம்முறைப்பாட்டுக்கு அஞ்சியே இதுவரை பல பாடசாலைகளில் இத்தகைய கொப்பியொன்று தொடங்கப்படாது கிடக்கின்றது.