மலை ரயிலின் பல்லும் வர்க்கியின் அடுக்கும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை இருப்புப்பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். காலையில் புறப்படும் மலை ரயில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் போனால் அதில் பாதி நேரம் போதும். அப்படியிருந்தும் கோடை விடுமுறையில் அந்த ரயிலில் ஓர் இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊட்டிக்குப் போனவர்கள் ஒரு பொட்டலம் வர்க்கி, கால் கிலோ தேயிலை, ஒரு சீசா தைலம் என்று ஏதாவது ஒன்று பையில் இல்லாமல் மலை இறங்குவதில்லை. நீலகிரி மீது தமிழ்நாடு வைத்திருக்கும் பிரியத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அரசுகளுக்கும் இது தெரியும். அதனால்தான் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டத்தையும் புவிசார் குறியீடு என்ற முத்திரையையும் கேட்டு வாங்குவதில் அக்கறை காட்டுகின்றன. பட்டம் கிடைத்த மறுநாளிலிருந்து அந்த அக்கறை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஓர் ஊரின் அடையாளம் பிழைத்திருப்பது அதைச் செய்யத் தெரிந்த கைகளாலும், அதை அன்றாடம் புழங்கும் உள்ளூர் மக்களாலும்தான். பெயரைக் காப்பாற்றச் செலவாகும் முயற்சியில் பாதியாவது இனி அந்தக் கைகளுக்கும் அந்தப் புழக்கத்துக்கும் போக வேண்டும்.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்வோம். 1854-லேயே இப்படியொரு பாதைக்கான யோசனை எழுந்தது. வேலை தொடங்கியதோ 1891-ல். குன்னூர் வரை 1899-லும் உதகமண்டலம் வரை 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறும் இந்தப் பாதையில் 16 குகைகளும் 208 வளைவுகளும் இருக்கின்றன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குச் செங்குத்தாகிறது. வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் முடியும் இடத்தில் அடுத்த பட்டையின் பல் எழும்படி அவை தள்ளித் தள்ளி அமைந்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குள் நான்கு சிலிண்டர்கள். இரண்டு வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அவற்றில் உழைத்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ள, ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று விசில் குறிப்பைக் கேட்டுக் கையால் பிரேக்கைப் போடுகிறார். இந்தியாவில் இப்படி ஓடும் பற்சக்கர ரயில் இது ஒன்றுதான்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வண்டியின் அருமை அதன் நீல நிறப் பெட்டியிலோ கேத்தி நிலையத்தின் அழகிலோ மட்டும் அடங்கிவிடவில்லை. தேய்ந்த பல்லைக் கண்டறிந்து மாற்றத் தெரிந்த கலாசிகள், கொதிகலனின் ஓசையிலேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் ஃபிட்டர்கள், மழை பெய்த இரவுக்கு மறுநாள் விடியலில் பாதையை நடந்தே சோதிக்கும் கேங்மேன்கள் ஆகியோரிடம்தான் அந்த அருமை இருக்கிறது. நாடெங்கும் மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையாக மாறிவிட்ட பிறகு, மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினைப் பழுதுபார்க்கும் கைப்பழக்கம் வேறெங்கும் கற்றுக்கொள்ளக் கிடைப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களுக்கு அங்கிருந்து இனி உதிரிபாகம் வரப்போவதும் இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை காட்டியிருக்கிறது. எண்ணெயில் இயங்கும் நான்கு பற்சக்கர எஞ்சின்களை அது புதிதாகவே செய்து கொடுத்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து முடித்தது. வேலை கொடுத்தால் வித்தை வளரும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. வேலை கொடுப்பது நின்றுபோனால், பத்து ஆண்டுகளில் அந்த வித்தை தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள் என்பதும் அதே அளவுக்கு உறுதி.

யுனெஸ்கோ 1999-ல் டார்ஜிலிங் ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2005-ல் நீலகிரியையும் 2008-ல் கால்கா–சிம்லாவையும் அதனோடு சேர்த்தது. மூன்றும் இன்னமும் முழுமையாக இயங்குகின்றன என்பது அந்த அங்கீகாரத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிக்கு அல்ல, ஓடும் வண்டிக்குத்தான் அந்தப் பெருமை கிடைத்தது. ஓடுகிறது என்றால் யாருக்காக ஓடுகிறது? வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்ற நிறுத்தங்களின் பெயர்களே விடை சொல்லும். ராணுவ நகரம், வெடிமருந்துத் தொழிற்சாலை, காய்கறி விளையும் பள்ளத்தாக்கு, பள்ளிக்கூடம் என்று ஒரு மாவட்டத்தின் அன்றாட வாழ்க்கை அந்தப் பாதை நெடுகக் கோத்துக் கிடக்கிறது. இன்று அந்த வண்டியில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? 2020-ன் இறுதியில் மலை ரயில் தனியாருக்கு வாடகைக்கு விடப்பட்டுப் பெருங்கட்டணம் வசூலிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். அது சிறப்பு வாடகை ஓட்டம் மட்டுமே, வழக்கமான சேவை தனியார்மயமாகவில்லை என்று ரயில்வே விளக்கம் தந்தது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். மக்கள் பதறியதிலும் நியாயம் இருந்தது. தங்கள் வண்டி தங்கள் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது என்ற உணர்வு அதற்கு வெகு முன்பே அவர்களுக்கு வந்துவிட்டது.

இந்த ரயில் நட்டத்தில் ஓடுகிறது, நாட்டின் வரிப்பணத்தை ஏன் ஒரு பொம்மை வண்டிக்குக் கொட்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நட்டம் உண்மைதான், மறைப்பதற்கில்லை. அந்தக் கணக்கு முழுமையானதா என்பதே பிரச்சினை. ரயிலுக்காகவே ஊட்டிக்கு வருகிற ஒரு குடும்பம் விடுதியிலும் உணவகத்திலும் கடைத்தெருவிலும் செலவழிக்கும் பணம் ரயில்வேயின் பேரேட்டில் ஏறுவதில்லை. மாநில அரசின் வரி வருவாயில் ஏறுகிறது. லாபம் ஒருவர் கணக்கிலும் செலவு இன்னொருவர் கணக்கிலும் விழுந்தால் எந்த நிறுவனமும் நட்டத்தில்தான் தெரியும். சாலையின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீலகிரிக்குள் நுழையும் வாகனங்களுக்கு 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. மலைச்சாலை இதற்கு மேல் தாங்காது என்று நீதிமன்றமே சொல்லும் நிலையில், நூறு ஆண்டுகளுக்கு முன்பே போட்டு வைத்த இருப்புப்பாதையைச் சுற்றுலா வேடிக்கையாக மட்டும் நடத்துவது எந்த வகையில் சிக்கனம்? குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையிலான சுமார் 19 கிலோமீட்டரில் பற்சக்கரமே தேவையில்லை. அங்கே டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. அந்தப் பகுதியில் பள்ளி, அலுவலக நேரங்களுக்கு ஏற்ப வண்டிகளைக் கூட்டுவதற்கு நீராவியின் செலவும் இல்லை, புதுப் பாதையின் செலவும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. கோடையில் சென்னையின் வெக்கையிலிருந்து தப்பி ஓட வெள்ளைக்காரன் போட்ட பாதைதானே, அதை நம் பாரம்பரியம் என்று ஏன் கொண்டாட வேண்டும்? எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி இது. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊட்டி இருந்ததும், அந்த வசதிக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதும் வரலாறு. ஆனால் குகையைக் குடைந்ததும் பாலத்துக்குக் கல் சுமந்ததும் மலைக்காய்ச்சலில் சுருண்டதும் யார்? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆளுநர்கள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வண்டியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மண்சரிவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் மீட்டு ஓட்டியவர்கள் இந்த மண்ணின் தொழிலாளர்கள். அந்த உழைப்பின் உரிமையில்தான் அது நம்முடையது ஆகிறது.

வர்க்கிக்கும் இதே நியாயம் பொருந்தும். பார்க்க எளிய பண்டம்தான்: கையளவு, ஒழுங்கற்ற வடிவம், மேலே பொன்னிறம், கடித்தால் பொரபொரவென்று உதிரும் அடுக்குகள். அந்த அடுக்கில்தான் வேலை இருக்கிறது. பாரம்பரிய முறையில் கடை ஈஸ்ட் சேர்ப்பதில்லை; வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை கலந்து புளிக்கவைத்த கலவைதான் புளிப்புக்கு ஆதாரம். மாவைப் பிசைந்து, இழுத்து, கொழுப்பைத் தடவி, மடித்து, மறுபடியும் இழுத்து மடிப்பார்கள். ஊட்டியின் குளிரில் மாவு மெதுவாகப் புளிப்பதும், மடிக்கும்போது கொழுப்பு உருகி வழியாமல் நிற்பதும் அடுக்கு பிரிவதற்கு உதவுகின்றன. பிறகு விறகு அடுப்பின் சூடு. தேநீரில் நனைத்தால் கரையாமல் ஒரு கணம் தாக்குப்பிடித்து அப்புறம் இளகுவது நல்ல வர்க்கிக்கு அடையாளம். சமவெளியில் இயந்திரத்தில் பிசைந்து, மின் அடுப்பில் சுட்டு, ஊட்டி என்ற பெயரை ஒட்டி விற்கும்போது விலை குறைவாக இருக்கிறது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. இரவெல்லாம் அடுப்படியில் நிற்கும் பேக்கரித் தொழிலாளியின் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வராததில் வியப்பும் இல்லை.

புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கான 1999-ன் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பொருளுக்குக் குறியீடு பதிவானதும் எல்லா உற்பத்தியாளருக்கும் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போலியைக் கண்டால் முறையிடுவதும் வழக்கு நடத்துவதும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. நீலகிரியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தோடர் பூத்தையலுக்கு 2013-ல் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் ஏதுமின்றி இழையை எண்ணி எண்ணித் தைக்கும் கலை அது. சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள ஒரு சமூகத்தின் பெண்கள் கையில் இருக்கிறது. அதே கோலத்தை அச்சிட்ட துணி சந்தைக்கு வருவதைக் குறியீடு நிறுத்திவிடவில்லை. மந்து எனப்படும் தோடர் குடியிருப்பில் உட்கார்ந்து தைக்கும் பெண் யார் மீது, எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்? நீலகிரித் தேயிலைக்கு 2008-லேயே குறியீடு உண்டு. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுவையைச் சந்தை தீர்மானிக்கட்டும், அரசுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று சொல்வது நாகரிகமாகத் தோன்றலாம். எது உண்மையான பொருள் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால்தான் சந்தை தீர்மானிக்கும். பொட்டலத்தின் மேல் எங்கே, எந்த முறையில் செய்தது என்று எழுதச் சொல்வது சந்தைக்கு எதிரானது ஆகாது. மரபு என்பதற்காக எதையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவும் இல்லை. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. வர்க்கிக்கு அதில் விலக்கு கேட்பது தவறு. மாற்றுக் கொழுப்பில் அதே அடுக்கு வருவதற்கு உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் உதவுவதே முறை. விறகுப் புகைக்கும் அப்படித்தான். புகை குறைந்த அடுப்பை வடிவமைத்துக் கொடுக்கலாம். காட்டிலிருந்து அகற்றப்பட்டுவரும் அந்நிய மரங்களின் விறகை உரிமம் பெற்ற அடுப்புகளுக்கு முறையாக ஒதுக்கலாம்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மலை ரயிலின் ஒவ்வொரு வண்டியிலும் மாவட்ட மக்களுக்கு ஒரு பங்கு இருக்கையைச் சாதாரணக் கட்டணத்தில் ரயில்வே ஒதுக்கட்டும். குன்னூர்–ஊட்டி அட்டவணையைப் பள்ளி மணியைப் பார்த்து எழுதட்டும். பொன்மலைக்கும் குன்னூர் எஞ்சின் கொட்டகைக்கும் ஆண்டுதோறும் நிச்சயமான வேலையும், ஓய்வுபெறப் போகிற ஒவ்வொரு கைவினைஞரின் கீழும் இரண்டு பயிற்சியாளர்களும் வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கான சட்டச் செலவை மாநில அரசே ஏற்று, போலிகளைப் பிடிக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அலுவலரை நியமிக்கட்டும். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அதற்குள் தோடர் பெண்களுக்கும் வர்க்கி சுடுபவர்களுக்கும் இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தேயிலைக்கும் வாடகையில்லாக் கடைகளை உதகை ரயில் நிலையத்திலேயே திறந்துவிட முடியும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ரயில்வே கோட்ட மேலாளரும் மாவட்ட ஆட்சியரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.