மீனாட்சிசுந்தரம் பிள்ளை கோழையா?

போன வாரம் கேன்டீனில் ஒரு சண்டை. அடிதடி இல்லை, கதைச் சண்டை. பி.காம். பசங்களுக்குக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள், நாங்களும் பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே எப்போதாவது எட்டிப் பார்ப்பதுண்டு :-)

விஷயம் நம்ம ஊர் இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்'. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு ஸ்டோர் குமாஸ்தா. நாற்பத்தைந்து வருஷமாக அடுத்தவர் கடைக்குப் பற்று வரவு எழுதுகிறவர். ஒருநாள் ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போகிறார். தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பலேறிவிட யோசனை. ஆனால் போகவில்லை. திரும்பி வந்து பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, செலவான சில்லறையைத் தன் பெயரில் பற்று எழுதுகிறார்.

"சரியான கோழைடே" என்றான் நண்பன். அவனுக்குப் பிடித்தது ஜான் அப்டைக் 1961ல் எழுதிய 'ஏ அண்டு பி'. அமெரிக்காவில் ஒரு மளிகைக் கடை. நீச்சல் உடையோடு வந்த மூன்று பெண்களை மேனேஜர் எல்லார் முன்னாலும் கண்டிக்கிறார். கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயசு சாமி, "நான் வேலையை விடுகிறேன்" என்று ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறான். ஹீரோ!

எனக்கும் சாமியைப் பிடிக்கும். ஆனால் அவன் வெளியே வந்து பார்க்கும்போது அந்தப் பெண்கள் போய்விட்டார்கள். அவன் செய்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இனிமேல் உலகம் தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கப் போகிறது என்று அப்போதுதான் அவனுக்கே உறைக்கிறது. இந்தக் கடைசி வரவை நண்பன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிள்ளையிடம் என்னை உறுத்துவது அவர் திரும்பி வந்தது அல்ல. வேலை வேண்டாம் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வாசல் திருட்டுதான். தப்பித்து ஓடுவதற்கும் அதே கல்லாவில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தைந்து வருஷ வேலை ஒரு மனுஷனை என்ன பண்ணியிருக்கிறது பாருங்கள். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைப்பது ரொம்பச் சுலபம்.

அவரை எழுதியவர் அப்படி இல்லை. 1943ல் தினமணியிலிருந்து டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது புதுமைப்பித்தனும் கூடவே வெளியே வந்தார். 1948ல் காசநோயில் இறந்தபோது வயசு நாற்பத்திரண்டு. வெளியே வருவதற்கும் விலை உண்டு என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நான் ஏன் பிள்ளைக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறேன் என்றால், பிளஸ் டூ லீவில் நானும் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை. நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உட்காரக் கூடாது. ஒரு அண்ணன் கால் வலி தாங்காமல் துணிக்கட்டு மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் கஸ்டமர்கள் முன்னால் கத்தி, அரைநாள் சம்பளத்தையும் பிடித்தார். நான் பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை.

மேலப்பாளையம் வரும்வரை பஸ்ஸில் மனசுக்குள் ஒரு பெரிய வசனம் தயார் பண்ணினேன். வீட்டுக்கு வந்தால் உம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் மூணு வாரம். மறுநாள் ஒன்பது இருபதுக்கே கடையில் இருந்தேன்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். காலேஜ் வந்தபிறகுதான் எனக்கே தெரியும். எங்கள் ஃப்ளோரிலும் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் சுடிதார் போட்ட பொம்மை உட்கார்ந்திருந்தது.

போன பெருநாளைக்குச் சட்டை எடுக்க அதே கடைக்குத்தான் போனேன். அந்த அண்ணன் இன்னும் அங்கேதான். "என்னடே, காலேஜ்லாம் ஒழுங்காப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே நாலு சட்டையைப் பிரித்துப் போட்டார். சட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்தார். நீலச் சட்டையைக் காட்டி, இதற்கு பில் போடுங்கண்ணே என்று மட்டும் சொன்னேன்.