சூடோமோனாஸுக்குச் சோறு போட்டீர்களா?

கேள்வி: “மானாவாரியில் மல்லாட்டை போடுகிறோம். வருடாவருடம் வேரழுகலில் செடி பட்டுப்போகிறது. சூடோமோனாஸ் போட்டால் ஆன்டிபயாடிக் சுரந்து நோயைத் தடுக்கும் என்கிறார்கள். அதை ஏன் தொழுவுரத்தில் கலக்க வேண்டும்? மணலில் கலந்து தூவினால் போதாதா?”

- வாசகர், அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பொடியைச் சீராகத் தூவ மணல் உதவும். தொழுவுரமோ அந்தப் பாக்டீரியாவுக்குச் சோறும் போடும்.

பாக்கெட்டில் உயிரோடு இருக்கும் சூடோமோனாஸ், மண்ணில் வேரைச் சுற்றிப் பெருகிய பிறகுதான் மருந்து செய்யத் தொடங்கும். அதற்கு மூலப்பொருள் வேண்டும். வேரில் கசியும் சர்க்கரையையும் மட்கிய எருவின் சத்தையும் அதன் என்சைம்கள் உடைத்து, மாற்றி, மாலோனைல் கோ-ஏ என்ற சிறு துண்டுகளாக்கும். ஓர் என்சைம் அவற்றில் மூன்றை இணைத்து ஃபுளோரோகுளுசினால் என்ற பொருளைச் செய்யும். வேறு என்சைம்கள் அதைச் சற்று மாற்றியதும் டி.ஏ.பி.ஜி. என்ற ஆன்டிபயாடிக் தயாராகிவிடும். நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி அரிசியாக்குவது போல இதுவும் படிப்படியான வேலை. நெல்லே இல்லாவிட்டால் அரிசி ஏது?

எல்லா சூடோமோனாஸ் ரகமும் இதே மருந்தைச் செய்வதில்லை. ஆனால், செய்பவை நிலத்தில் பெருகினால் பலன் பெரிது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தொடர்ந்து கோதுமை விதைத்த வயல்களில் இவை பெருகி, கோதுமையின் வேர் நோய் தானாகவே குறைந்திருக்கிறது.

நிலக்கடலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். மண்ணில் இட, ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது தூவ வேண்டும்.

ரைசோபியமும் சேர்ப்பதானால், முதலில் சூடோமோனாஸ், பிறகு ரைசோபியம். ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியில் நேர்த்தி செய்த விதையில் சூடோமோனாஸ் கலக்கக் கூடாது. வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள். பாக்டீரியா செத்துவிட்டால் போட்ட காசு வீண்.

ஒன்றை மனதில் வையுங்கள்: இது வருமுன் காக்கும் வழி. அழுகிய செடியை இது பிழைக்க வைக்காது. ஆகவே, விதைப்பிலேயே தொடங்குங்கள். செடி காய்ந்தால், வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, நோய் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.