வொஷிங்டன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தருகின்ற எவருக்கும் நாள்தோறும் கையில் தட்டுப்படும் பெயர் வொஷிங்டன். அது ஒரு தலைநகரம், ஒரு மாநிலம், அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியின் குடும்பப் பெயர். பத்திரிகைத் தலைப்புகளில் அமெரிக்க அரசாங்கமும் அதுவே. 'வொஷிங்டன் கண்டனம்' என்று தலைப்பிட்டால், கண்டித்தது மனிதரா நகரமா என்று எந்த வாசகரும் கேட்பதில்லை.

1853 இல் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் புதிய ஆட்புலம் ஒன்று அமைக்கப்பட்டபோது அதற்குக் கொலம்பியா என்றே பெயரிட எண்ணியிருந்தனர். தலைநகரம் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தோடு குழப்பம் வருமே என்று கருதி, வொஷிங்டன் என்று மாற்றினர். அதன் பயனாக இன்றுவரை, மாநிலமா தலைநகரமா என்று ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது!

இடங்களை விடுத்து மனிதர்களிடம் வந்தால் வியப்பு இன்னும் பெரிது. 2000 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின்படி, வொஷிங்டன் என்ற குடும்பப் பெயரைக் கொண்டவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர். வெள்ளை இனத்து நிலவுடைமையாளர் ஒருவரின் பெயர் இவ்வாறு கைமாறியது எங்ஙனம்?

அந்தப் பெயர் தொடக்கத்திலேயே இரவல்தான். 12 ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் வில்லியம் என்ற பிரபு ஹார்ட்பேர்ன் என்ற இடத்திலிருந்து வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, புதிய ஊரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்த ஊரே இன்றைய வொஷிங்டன் கிராமம். அந்த வழியில் வந்த ஜோர்ஜ் வொஷிங்டன், தந்தை 1743 இல் இறந்தபோது, தமது பதினோராவது வயதிலேயே பத்து அடிமைகளுக்கு உரிமையாளரானார். 1799 டிசம்பரில் அவர் மறைந்தபோது மவுண்ட் வேர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் அவருக்கே உரியவர்களாக இருந்த 123 பேரைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு அவர் மரணசாசனம் எழுதியிருந்தார். மனைவி மார்த்தா, 1801 ஜனவரி முதலாம் திகதியே அவர்களை விடுவித்தார். ஏனையோரில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதற் கணவரின் சொத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விடுதலை கிட்டவில்லை. ஜோர்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே இன்று அந்தப் பெயரைச் சுமப்போரில் ஒருவர்கூட அவர் பெற்ற பிள்ளையின் வழிவந்தவர் அல்லர்.

அந்தப் பண்ணையிலேயே இருந்தவர் ஹரி. ஆபிரிக்காவின் காம்பியா நதிப் பகுதியில் பிறந்தவர். எசமானர் பிரித்தானியருக்கு எதிராகச் சுதந்திரப் போரை நடத்திக்கொண்டிருக்க, இந்த அடிமையோ 1776 இல் தப்பியோடிப் பிரித்தானியரிடம் சேர்ந்து தமது சுதந்திரத்தைத் தேடிக்கொண்டார். 1783 இல் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்; 1792 இல் சியரா லியோன் சென்றார். அங்கே குடியேற்ற நிர்வாகம் விதித்த நிலவரிக்கு எதிராக 1800 இல் எழுந்த கிளர்ச்சியில் பங்குகொண்டு நாடுகடத்தப்பட்டார். வரிக்கு எதிராகப் போராடிய வொஷிங்டன்கள் இருவர். ஒருவருக்கு நினைவுத் தூண் எழுந்தது. மற்றவரை வரலாற்று மாணவர்கள் மட்டுமே அறிவர்.

அடிமை முறை 1865 இல் ஒழிந்தபோது, இலட்சக்கணக்கானோருக்குத் தமக்கென ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. 1856 இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் என்ற சிறுவனும் அவர்களில் ஒருவன். பாடசாலையில் பெயர் பதியும்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருக்கக் கண்டான். தன் முறை வந்ததும் 'புக்கர் வொஷிங்டன்' என்றான். அவனே பிற்காலத்தில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை 1881 முதல் கட்டியெழுப்பிய கல்விமான் புக்கர் ரி. வொஷிங்டன். 1901 அக்டோபரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு இராவிருந்துக்கு அழைத்தார். தென்மாநில வெள்ளையரின் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. வொஷிங்டன் நகரில் ஒரு வொஷிங்டன் உணவருந்தியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எசமானர் தந்த பெயர் விலங்கின் மிச்சம் என்று கருதி அதனைத் துறந்தோர் உளர். குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே 1964 இல் அதனை அடிமைப் பெயர் என்று உதறிவிட்டு முகம்மது அலி ஆனார். முதன்முதலில் அந்தப் பெயரைத் தாங்கிய கென்டக்கியின் வெள்ளையர், அடிமை முறையை எதிர்த்தவர் என்பது இங்கே ஒரு முரண். எனினும் தமது பெயரைத் தாமே தெரிவு செய்யும் அலியின் உரிமை அதனால் குறைந்துவிடாது. புக்கர் பயன்படுத்தியதும் அதே உரிமையைத்தான்.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பாடசாலைச் சபை, வொஷிங்டன் உள்ளிட்ட பெயர்களைத் தாங்கிய 44 பாடசாலைகளுக்குப் பெயர் மாற்றத் தீர்மானித்து, எதிர்ப்புக் கிளம்பவே ஏப்ரலில் அதனைக் கைவிட்டது. அடிமைகளை வைத்திருந்தார் என்ற உண்மையைப் பாடப் புத்தகத்தில் முழுமையாகச் சொல்ல வேண்டும். அதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பெயரை முற்றாகக் களங்கமென்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சிக்காகோவின் முதலாவது கறுப்பின மேயராக 1983 இல் தெரிவான ஹரோல்ட் வொஷிங்டன், நடிகர் டென்ஸல் வொஷிங்டன் ஆகியோரின் பெயரும் அதுவே. உழைத்துச் சம்பாதித்தவர்களிடமிருந்து ஒரு பெயரைப் பழைய எசமானருக்கே திருப்பிக் கொடுப்பது என்ன நியாயம்?

இந்தப் பெயர் தமிழகத்துக்கும் வந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் வொஷிங்டன் சுந்தரின் பெயர் அமெரிக்க ஜனாதிபதியை நினைத்து இட்டதன்று. வறுமையில் வளர்ந்த அவருடைய தந்தை சுந்தருக்குச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்துக் கல்விக் கட்டணமும் கட்டியவர், அயலில் வாழ்ந்த வொஷிங்டன் என்ற முன்னாள் இராணுவ வீரர். அந்த நன்றிக்காகவே 1999 இல் பிறந்த மகனுக்கு அப்பெயர். நம் வழக்கப்படி தந்தையின் பெயர் பின்னே நிற்க, உதவியவரின் பெயர் முன்னே நிற்கிறது. இனி யாராவது வொஷிங்டன் என்றால் யார் என்று கேட்டால், அந்த அயலவரையும் சேர்த்தே சொல்வோம்.